சோயா எண்ணெய்... எந்தச் சோயா?

நாகலூரில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் அம்மா, போன மாதம் மூட்டு வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு கிளம்பியவர், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பையிலிருந்து ஒரு எண்ணெய் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஏனுங்கய்யா, சோயா எண்ணெய்ல சமைச்சா மூட்டு வலி வருமாமே... செல்போன்ல சொல்றாங்க. நெசமுங்களா?"

'எந்தச் சோயாம்மா?' என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால், வைத்தியருக்கே வைத்தியம் பார்க்கணும் போலிருக்கே என்று நினைத்திருப்பார்!

ஆனால் கேள்வி நியாயமானதுதான். எங்கள் மலையில் காபி விளைவிக்கிறவர்களைக் கேளுங்கள். அராபிகா வேறு, ரொபஸ்டா வேறு. பழத்தின் தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட், பழத்தோடு காயவைத்தால் செர்ரி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டிக் கட்டினால் வியாபாரி திரும்பிப் பார்ப்பாரா? காபிக்கு இத்தனை பார்க்கும் நாம், தினமும் வயிற்றுக்குள் போகும் எண்ணெய்க்கு மட்டும் 'சோயா' என்று ஒரே பெயர் போதும் என்று விட்டுவிட்டோம்.

விதைக்குள் நடக்கும் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். இலையில் தயாராகும் சர்க்கரை, காய்க்குள் இருக்கும் விதைக்கு வருகிறது. விதை அதைக் கொண்டு புரதமும் செய்யும், எண்ணெயும் செய்யும். சோயாவில் புரதம் சுமார் 40 சதவீதம், எண்ணெய் 20 சதவீதத்தை ஒட்டி. ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும். காட்டுச் சோயாவின் விதை சிறிசு, அதில் எண்ணெயும் குறைவு. மனிதன் பெரிய விதையாகப் பார்த்துப் பார்த்து விதைத்ததில், விதைக்குள் சர்க்கரையை விடும் 'கதவு' போன்ற மரபணுக்களும் அவனுக்குத் தெரியாமலே தேர்வாகிவிட்டன. 2020-ல் சீன விஞ்ஞானிகள் அப்படி இரண்டு மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள். எண்ணெய் கூடியது, புரதம் குறைந்தது.

இது அளவு பற்றிய கதை. எனக்கு முக்கியமாகப் படுவது தரம்.

எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலத்தைப் பதினெட்டு கார்பன் மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் இடத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒலியிக் அமிலம். இரண்டு இடத்தில் இருந்தால் லினோலியிக். மூன்று என்றால் லினோலினிக். பிணைப்பு கூடக் கூட, காற்றும் சூடும் பட்டால் சீக்கிரம் கெடும், காறல் வாடை அடிக்கும். சாதாரண சோயா எண்ணெயில் ஒலியிக் நாலில் ஒரு பங்குக்குள்தான். பாதிக்கு மேல் லினோலியிக்.

ஒலியிக்கை லினோலியிக்காக மாற்றுவது 'ஃபேட்-2' என்ற மரபணுக் குடும்பம். சோயாவின் மரபணுத் தொகுதி ஆதியில் இருமுறை இரட்டிப்பானது. பிந்தையது ஏறத்தாழ 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன். அதனால் பல மரபணுக்களுக்கு ஜோடி உண்டு. விதையில் இந்த வேலைக்கும் அண்ணன், தம்பி என்று இரண்டு பேர். ஒருவரை நிறுத்தினால் மற்றவர் வேலையைப் பார்த்துக்கொள்வார். இருவரும் ஓய்ந்தால் ஒலியிக் 80 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு உயிரின் மரபணு எதையும் புகுத்தாமல், சாதாரணக் கலப்பிலேயே இதைச் செய்து காட்டினார்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். நாங்கள் மருந்தாகக் கொடுக்கும் விளக்கெண்ணெய்க்கும் இதே குடும்பத்து உறவு மரபணுதான் காரணம்! ஆமணக்கில் அது இரண்டாவது இரட்டைப் பிணைப்பைப் போடாமல், அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தொகுதியை ஒட்டிவிடுகிறது. அதுதான் ரிசினோலியிக் அமிலம். பேதியாவது அதனால்தான். எங்கள் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் ஆமணக்கையும் ஆராயும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் ஆமணக்கின் குணத்தை மனப்பாடம் செய்த எனக்கு, அந்தக் குணத்தின் பிறப்பிடம் இது என்று பிற்பாடு படித்தபோது ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இந்தூரில் 1987-ல் தொடங்கிய மத்திய அரசின் சோயா ஆராய்ச்சி நிறுவனம், என்.ஆர்.சி. 147 என்ற ரகத்தைக் கொடுத்திருக்கிறது. ஒலியிக் 42 சதவீதம், அதாவது கடலை எண்ணெய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடலையிலேயே கிர்நார் 4, கிர்நார் 5 என்ற ரகங்களில் ஃபேட்-2 ஜோடி ஓய்ந்து, ஒலியிக் 80-ஐ நெருங்குகிறது. எல்லாமே வழக்கமான கலப்பு முறை. (மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட இந்தியாவில் அனுமதி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் எண்ணெய் வேறு விஷயம். அங்கேயும் மாற்றம் பெரும்பாலும் களைக்கொல்லியைத் தாங்கத்தான், எண்ணெயின் தரத்துக்காக அல்ல.)

விஞ்ஞானிகள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். அப்புறம்? உழவர் அதை விளைவித்து மண்டிக்குக் கொண்டுபோனால், மற்ற சோயாவோடு ஒரே குவியலில் கொட்டப்படுகிறது. ஆலையில் ஒன்றாக அரைபடுகிறது. தனி விலை இல்லாவிட்டால் அவர் ஏன் அந்த விதையைத் தேடிப் போகணும்? எங்கள் பக்கத்துக் கடைகளில் 'ஒலியிக் கூடிய சோயா' என்று ஒரு பாக்கெட்டை நான் பார்த்ததே இல்லை.

தனியாக வாங்குங்கள், தனியாக அரையுங்கள், தனிப் பெயர் போட்டு விற்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் கட்சி. அமெரிக்காவில் எண்ணெய் கெடாமலிருக்க ஹைட்ரஜன் ஏற்றினார்கள், அதில் டிரான்ஸ் கொழுப்பு வந்தது. 2018-ல் அந்த முறைக்குத் தடை வந்துவிட்டது. இங்கேயும் 2022 முதல் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. பஜ்ஜிக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் சூட்டைத் தாங்கும் எண்ணெய் வேண்டும். அதை விதையே தரத் தயாராக இருக்கும்போது குவியலில் கலந்து தொலைப்பானேன்?

அதற்காகச் சாதாரண சோயா எண்ணெய் விஷம் என்று அர்த்தமல்ல. எங்கள் வைத்தியர்களிலேயே சிலர் அப்படி மேடையில் முழங்குகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. லினோலியிக் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். லினோலினிக் உடம்பால் செய்துகொள்ள முடியாத ஒமேகா 3. பல சமையல் எண்ணெய்களில் அது அனேகமாக இருக்காது. தாளிக்க, கூட்டு பொரியல் செய்ய அது தாராளமாக ஆகும். பொரித்த எண்ணெயை மறுநாளும் சூடாக்குவதுதான் தப்பு.

அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். "மூட்டு வலிக்கு இந்த எண்ணெய் காரணமில்லம்மா. அளவா ஊத்துங்க. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க." புது ரகத்தைப் பற்றியும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த 147 எந்தக் கடையில கெடைக்குமுங்கய்யா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இதைப் படிக்கும் எண்ணெய் ஆலைக்காரர் யாராவது இருந்தால், அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.