நாலு மணிக்கு எழுந்தால் நீலத் தீவு!

அந்தமான் போய்விட்டு வந்தவர்களிடம் படம் காட்டச் சொல்லுங்கள். முன்பெல்லாம் ஆல்பம் வரும். இப்போது செல்போனைக் கையில் திணித்து, 'தள்ளிக்கிட்டே போங்க சார்' என்பார்கள். தள்ளினால் முக்கால்வாசிப் படங்களில் வானம் வெள்ளை, மணல் வெள்ளை, நடுவில் தொப்பி போட்ட ஒரு கறுப்பு உருவம். அதுதான் அவருடைய சம்சாரமாம்!

'கேமரா சரியில்லை சார்' என்று ஒரு சமாதானம் வேறு. கேமரா பாவம், அது என்ன செய்யும்? கோளாறு கடிகாரத்தில்.

நம் தேசம் முழுவதற்கும் ஒரே நேரம். அது கிழக்கு 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. அந்தமான் இருப்பதோ சுமார் 93 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். பெருக்கிப் பாருங்கள், 42 நிமிஷம் வருகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 50 நிமிஷம். அதாவது அங்கே சூரியன் நம்மைவிட முக்கால் மணிக்கு மேல் முந்திக்கொண்டு டியூட்டிக்கு வந்து, முந்திக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். டிசம்பரில் சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் அஸ்தமனம். நம் ஆபீஸில் இரண்டாவது டீ வருவதற்குள் அங்கே இருட்டு!

இது தெரியாமல் 'எட்டு மணிக்கு எழுந்து, டிபன் சாப்பிட்டுவிட்டு, மெதுவாய்ப் பத்து மணிக்குப் பீச்' என்று திட்டம் போட்டால், கிடைப்பது நெற்றிப்பொட்டில் அடிக்கிற வெயில்தான். நல்ல வெளிச்சம் என்பது சூரியன் தாழ்வாக இருக்கும்போது வருவது. அப்போது ஒளி நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப் போய், மஞ்சளும் சிவப்பும் மட்டும் நம்மை வந்து சேர்கின்றன. மணலில் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும். படத்துக்கு ஆழம் கொடுப்பது அந்த நிழல்தான்.

இப்போது நீல் தீவுக்கு வருவோம்.

போர்ட் பிளேரிலிருந்து (2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம்) அரசுப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். தனியார் படகு சொகுசாக இருக்கும், டிக்கெட்டும் சொகுசாகவே இருக்கும். தீவு சின்னது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வாடகை சைக்கிளில் முக்கால் மணி போதும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகள் 1960-களில் குடியேறிய ஊர். காய்கறி விளைகிற பூமி. கடற்கரைகளுக்கு லக்ஷ்மண்பூர், பரத்பூர், சீதாபூர் என்று ராமாயணப் பெயர்கள். சீதாபூர் கிழக்கே, சூரியோதயம். லக்ஷ்மண்பூர் மேற்கே, அஸ்தமனம். புகைப்படக்காரனுக்கு இதைவிட வசதியாக ஒரு தீவை யார் வரைந்து கொடுப்பார்கள்?

'நீல்' என்றதும் தண்ணீரின் நீலம் என்று நினைத்துவிடாதீர்கள். அது 1857 கலகத்தைக் கொடூரமாக அடக்கிய ஜேம்ஸ் நீல் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் என்பார்கள். அந்த ஆசாமி நமக்கும் தெரிந்தவர்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை இருந்தது. 1927-இல் அதை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் நடந்து, 1937-இல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோதுதான் சிலை இடத்தைக் காலி செய்தது. தீவிலிருந்து பெயர் காலியாக இன்னும் 81 வருஷம் பிடித்தது. 2018 டிசம்பரில் அது 'ஷஹீத் த்வீப்' ஆயிற்று, அதாவது தியாகிகள் தீவு. பேச்சில் மட்டும் 'நீல்' இன்னும் நகர மாட்டேன் என்கிறது.

இங்கேதான் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு ஒரு ரகசியம்.

பேக்கேஜ் டூர்க்காரர்களில் பலர் காலைப் படகில் வந்து இறங்கி, பிற்பகல் படகில் திரும்பிவிடுவார்கள். உதயமும் கிடையாது, அஸ்தமனமும் கிடையாது. தீவின் இரண்டு நல்ல மணி நேரங்களையும் விட்டுவிட்டு, மோசமான நேரத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு மூங்கில் ஹட்டில் இரண்டு ராத்திரி தங்கலாம். கட்டில், கொசுவலை, ஃபேன். பாத்ரூம் சில இடங்களில் பொதுவில் இருக்கும். ராத்திரி பல்லி பேசும். பேசிவிட்டுப் போகட்டும், அதுவும் வாடகையில் சேர்த்தி.

என் நண்பர் ஒருவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, இப்படித்தான் போனார். 'ஏ.ஸி. கிடையாதாமே, எப்படிய்யா இருப்பே?' என்று கேட்டேன்.

'ஏ.ஸி. இல்லாததுதான் சார் பாயிண்ட்டே' என்றார். 'குளிர்ந்த ரூம்லேர்ந்து கேமராவை வெளியே எடுத்தா லென்ஸெல்லாம் பனி பிடிச்சுக்கும். துடைக்கத் துடைக்க வரும். அது காயறதுக்குள்ள சூரியன் மேல போயிடும். ஃபேன் ரூம்ல அந்தத் தொல்லையே இல்லை!'

சிக்கனத்துக்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்தால் மனிதனுக்கு எவ்வளவு சந்தோஷம் பாருங்கள்.

அவருடைய டைம்டேபிள் இதுதான். நாலு மணிக்கு அலாரம். டார்ச்சோடு சைக்கிளில் சீதாபூர். உதயத்துக்கு அரை மணி முன்பே ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டும். வானத்தில் நிறம் வருவது சூரியன் வருவதற்கு முன்னால்தான். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் பாறையில் செருப்பை வைத்து அதன்மேல் போனைச் சாய்க்கலாம், தப்பில்லை. அடிவானம் நேராக இருக்கட்டும். கடல் ஒரு பக்கமாய் வழிகிற மாதிரிப் படம் எடுத்தால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். முன்னால் ஒரு பாறையோ படகோ இருந்தால்தான் தூரம் தெரியும்.

வெள்ளை மணலில் இன்னொரு சங்கடம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளை மணல் அழுக்கு வேட்டியாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றிவிட்டால் சலவைக்குப் போட்ட மாதிரி ஆகும். உச்சி வெயிலும் முழுக்க வீண் இல்லை. பரத்பூரில் தண்ணீரின் பச்சை நீலம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். லென்ஸ் முன்னால் போலரைஸர் ஃபில்டர் இருந்தால் நீரின் பளபளப்பை வெட்டி அடியைக் காட்டும்.

லக்ஷ்மண்பூருக்கு அந்தப் பக்கம் கடல் குடைந்த ஒரு பாறைப் பாலம் உண்டு. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'ஹௌரா பாலம்'. கல்கத்தாவை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் வங்காளிக்குப் பாலம் என்றால் ஹௌராதான்! கடல் வற்றினால்தான் அங்கே போக முடியும். நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே ஆறு மணி நேரம் சொச்சம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். 'நேத்து இந்த நேரத்துக்குத்தானே போனோம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. படம் எடுக்கிற ஜோரில் திரும்பிப் பார்க்காமல் நின்றால், வந்த வழி தண்ணீருக்குள் போயிருக்கும். இறங்குமுன் ஹட்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இது வேடிக்கை இல்லை. கடல் வற்றியதும் காலடியில் முண்டும் முடிச்சுமாய்த் தெரிவதைக் கல் என்று நினைத்து அதன்மேல் ஸ்டாண்டை ஊன்றுகிறார்கள். பாதிக்கு மேல் கல்தான். மீதி உயிருள்ள பவளம். சின்னஞ்சிறு பிராணிகள் சேர்ந்து கட்டிய வீடு. சில வகைகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். நம் தாத்தா காலத்தில் ஆரம்பித்ததை நாம் ஒரு மிதியில் முடித்துவிடலாம். ஏற்கெனவே 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. சூட்டை நாம் தனியாய் நின்று தடுக்க முடியாது. காலை மணலில் வைக்க முடியும். ஒரு துண்டு பவளத்தை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டாலும் குற்றம்தான். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது அது. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள்.

இந்தக் கடல் இதே மாதிரி இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்து வைப்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பேரன்களுக்கு அது சாட்சிப் பத்திரம்.

போகிறவர்களுக்கு: டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் சாது. ரொக்கம் கையில் இருக்கட்டும். சிக்னல் இருந்தால் இருக்கும். காற்று பலத்தால் படகை நிறுத்திவிடுவார்கள், ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். வங்காளிக் கடையில் சுடச்சுட மீன்குழம்பும் சோறும் உங்களைக் காப்பாற்றும்.

நண்பர் ஐந்நூறு படம் எடுத்து நாலை வைத்துக்கொண்டார். அதில் ஒன்றை, வற்றிய கடலின் குட்டையில் சிவப்பு மேகம் தெரிகிற படத்தை, ஆபீஸ் மேஜைமேல் வைத்தார். மானேஜர் நின்று பார்த்தாராம்.

'எந்த வெளிநாடுப்பா இது?'

'உள்நாடுதான் சார். நாலு நாள் சி.எல். போட்டா போதும்.'

மானேஜர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார்.

'நாலு நாளா? நீ பாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்தியே, அந்த நாலு நாளா?'