ஆளில்லாத நிலம்

எங்கள் தலைமுறையில் பலருக்கு அமெரிக்கத் தொல்குடிகள் அறிமுகமானது காமிக்ஸ் புத்தகங்களின் வழியாகத்தான். லயன், முத்து காமிக்ஸ் இதழ்களின் மங்கிய தாள்களில் சேணமில்லாக் குதிரைகளின் மேல் அவர்கள் வந்தார்கள். குன்றின் உச்சியில் புகை எழுந்தால் அது ஒரு செய்தி என்று கற்றுக்கொண்டோம். டெக்ஸ் வில்லரை நவஹோக்கள் 'இரவுக் கழுகு' என்று அழைத்தபோது நாங்களும் கூடவே அழைத்தோம். 1948இல் இத்தாலியில் பிறந்த அப்பாத்திரம் அம்மக்களை இழிவுபடுத்தியது என்று சொல்ல மாட்டோம். பல கதைகளில் அவர்களுக்காக வாதாடவே செய்தது. எனினும் நவஹோக்களின் தலைவராக வந்தவர் ஒரு வெள்ளையர் என்பது அந்த வயதில் எங்களை உறுத்தவேயில்லை. உறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று நாங்கள் புழங்கிய 'செவ்விந்தியர்' என்ற சொல்லிலேயே இரண்டு பிழைகள் உள்ளன. ஒன்று கொலம்பஸின் திசைப் பிழை. மற்றொன்று மனிதரைத் தோலின் நிறத்தால் பெயரிடும் பிழை. நவஹோ மக்கள் தம் மொழியில் தம்மைத் தினே என்பர். இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் மைய அரசு ஏற்றுக்கொண்ட தொல்குடி இனங்கள் 570க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனி மொழி மரபும் தனி வரலாறும் உண்டு. அத்தனை பேரையும் ஓர் இறகுக் கிரீடத்துக்குள் அடைத்துவிட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

இவற்றை நினைவூட்டியது அண்மைக்கால வாசிப்பு. இளையோர்க்கான வரலாற்று மிகுபுனைவு ஆங்கிலத்தில் பெருகிவரும் ஒரு வகைமை. தெரிந்த வரலாற்றை எடுத்துக்கொண்டு அதில் மந்திரத்தையோ பறக்கும் விலங்கையோ நுழைத்து 'இப்படி நடந்திருந்தால்' என்று கேட்பது அதன் இயல்பு. கற்பனைக்கு எல்லை இல்லை என்பதே இதன் கவர்ச்சி. எல்லாமே கற்பனை என்றான பிறகு ஒரு மக்களின் பண்பாட்டுக்கு மரியாதை காட்டுவது என்றால் என்ன பொருள்? யாரை வைத்து யார் கற்பனை செய்கிறார்கள், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதிலிருந்தே இதற்கான விடை தொடங்குகிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

2009இல் பட்ரீஷியா ரீடி எழுதிய 'தர்ட்டீன்த் சைல்ட்' வெளிவந்தது. அமெரிக்காவின் மேற்கு எல்லையில் குடியேறும் மக்களின் கதை. மந்திரம் பயின்றவர்களின் துணையோடு அவர்கள் வாழ்கிறார்கள். எல்லைக்கு அப்பால் மாமதங்கள் என்னும் பழங்கால யானைகளும் மந்திர விலங்குகளும் திரிகின்றன. அந்த உலகில் தொல்குடிகள் இல்லை. ஆசியாவிலிருந்து அந்தக் கண்டத்துக்கு மனிதர் யாரும் வந்து சேரவேயில்லை என்பது கதையின் அடிப்படை. ஆசிரியரின் நோக்கத்தை நாங்கள் ஐயுறவில்லை. கொடிய காட்டுமிராண்டி என்ற பழைய வார்ப்பும் வேண்டாம், இயற்கையின் மென்மையான ஞானி என்ற புதிய வார்ப்பும் வேண்டாம் என்று எண்ணியே இவ்வழியைத் தேர்ந்ததாக அவர் முன்னரே சொல்லியிருந்தார். இரண்டு வார்ப்புகளும் பொய் என்பதை அவர் சரியாகவே கண்டார். ஆனால் அந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு, மக்களையே இல்லாமலாக்குவது. நூல் வெளியான உடனே கடும் விவாதம் எழுந்தது.

'வெறும் கற்பனைதானே' என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கற்பனைக்கு வரலாற்றில் ஒரு முன்கதை இருப்பதுதான் சிக்கல். லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரைரி' 1935இல் வெளிவந்தது. குடும்பம் போகவிருக்கும் நிலத்தில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் அதன் தொடக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்து வருந்திய ஒருவர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' என்று மாற்றப்பட்டது. ஆசிரியர் தம் பிழையை உடனே ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் சுமார் பதினெட்டு ஆண்டுகள் பதிப்பாளர், ஆசிரியர், ஆசிரியைகள், பெற்றோர் எவர் கண்ணையும் அந்த வரி உறுத்தவில்லை. அந்தக் குடும்பம் உண்மையில் வீடு கட்டியதோ, கான்சஸில் ஓசேஜ் மக்களுக்குச் சட்டப்படி உரிய நிலத்தில்.

இன்னும் பின்னே போகலாம். 1620இல் ஆங்கிலேயப் பயணிகள் பிளிமத் குடியிருப்பை அமைத்த இடம் துப்புரவாக்கிய வயல்களோடு ஆளின்றிக் கிடந்தது. அது பட்டுக்சட் என்ற வாம்பனோக் கிராமம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியர் வருகையோடு பரவிய கொள்ளைநோயில் அக்கடற்கரை மக்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். வந்தவர்கள் அந்த வெறுமையைக் கடவுளின் கொடை என்று கொண்டாடினார்கள். ஆளில்லாத நிலம் என்பது அங்கே நிலத்தின் இயல்பன்று. ஒரு பேரிழப்பின் எச்சம். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாவலாசிரியர் அக்கண்டத்தை ஆளின்றிக் கற்பனை செய்யும்போது, அந்த நிலத்தின் பழைய கனவு ஒன்றையே அவர் மறுபடி காண்கிறார். அதனால்தான் வாசித்தவர்களுக்கு அது புதிய கற்பனையாகத் தோன்றவில்லை.

நீக்குவதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு, கேட்காமல் எடுத்துக்கொள்வது. 2016 மார்ச் மாதம் ஜே. கே. ரௌலிங் தம் மந்திர உலகத்தின் அமெரிக்க வரலாற்றைச் சிறு கட்டுரைகளாக வெளியிட்டார். தினே மக்கள் பெயரைச் சொல்லவே தயங்கும் ஒரு நம்பிக்கை அவற்றில் வந்தது. அது வெறும் வதந்தி, உண்மையில் அவர்கள் விலங்காக உருமாறும் மந்திரவாதிகளே என்று அவர் விளக்கம் தந்தார். அந்தப் பெயரை நாங்களும் இங்கே எழுதவில்லை. நாம்பே புவெப்லோவைச் சேர்ந்த டெபி ரீஸ், செரோக்கியரான ஏட்ரியன் கீன் ஆகியோர் அப்போதே இதைக் கண்டித்து எழுதினார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. கிரேக்கத் தெய்வங்களையும் வடபுலத் தெய்வங்களையும் எல்லோரும் எடுத்தாளவில்லையா? எடுத்தாளுகிறார்கள். ஆனால் சியூஸை வணங்கியதற்காகத் தன் தந்தை சிறைக்குப் போனதைக் கண்ட குழந்தை இன்று எங்கும் இல்லை. அமெரிக்க அரசின் 1883ஆம் ஆண்டு விதிகள் தொல்குடிகளின் சடங்கு நடனங்களையும் மருத்துவப் பூசகர்களின் வினைகளையும் குற்றங்களாக்கின. அவர்களுடைய சமய உரிமையைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளி 1879 முதல் 1918 வரை இயங்கியது. அங்கும் அதைப் பின்பற்றிய உறைவிடப் பள்ளிகளிலும் தொல்குடிக் குழந்தைகளின் தலைமுடி வெட்டப்பட்டது. அவர்களுடைய மொழி விலக்கப்பட்டது. தம் பாட்டி சொன்ன கதையைத் தம் மொழியில் திருப்பிச் சொன்னதற்காக அடி வாங்கிய குழந்தைகளின் பேரர்கள் இன்று வாசகர்களாக இருக்கிறார்கள். அதே கதை இன்னொருவரின் மந்திரப் பள்ளிக்கு அலங்காரத் தோரணமாகத் தொங்குவதை அவர்கள் பார்க்க நேர்கிறது. குழந்தைகளிடமிருந்து பறித்த ஒன்றைக் குழந்தை இலக்கியத்தின் பெயராலேயே பொழுதுபோக்காக விற்பதில் உள்ள முரண் எங்களை மிகவும் தொந்தரவு செய்கிறது.

கதைகள் எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்துள்ளது. எல்லா மரபுகளும் அப்படிக் கருதுவதில்லை. தினே மக்களிடையே நரி இனத்தைச் சேர்ந்த கயோட்டியின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற நெறி உண்டு. சில கதைகள் சில குடும்பங்களுக்கு உரியவை. சிலவற்றைச் சடங்குக்கு வெளியே சொல்லலாகாது. 2018இல் ரெபெக்கா ரோன்ஹார்ஸ் தினே தொன்மங்களை வைத்துப் பெரியவர்களுக்கான மிகுபுனைவு ஒன்றை எழுதினார். தினே எழுத்தாளர்கள் சிலர் அதே ஆண்டு கூட்டாக ஒரு மடல் வெளியிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். புனிதமானவற்றை அவர் தவறாகவும் வரம்பு மீறியும் கையாண்டார் என்பது அவர்கள் குறை. அந்நாவலை வரவேற்ற தொல்குடி வாசகர்களும் இருந்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. ஆயினும் அது தெளிவாகக் காட்டும் ஒன்று உண்டு: அன்பும் அருகாமையும் இருந்தால் மட்டும் அனுமதி கிடைத்துவிடுவதில்லை.

அப்படியானால் அவரவர் அவரவரைப் பற்றி மட்டுமே எழுத வேண்டுமா, இது இலக்கியத்தின் கழுத்தை நெரிப்பதாகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த அச்சத்தை நாங்கள் எளிதாக ஒதுக்கவில்லை. பிறராக மாறிப் பார்க்கும் ஆற்றல் இல்லாமல் புனைவே இல்லை. ஆனால் கட்டுப்பாடு கற்பனையைக் கொன்றுவிடும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. அதற்குச் சான்றாக ஒரு நூலைக் காட்ட விரும்புகிறோம்.

சீக்கோங்க் வாம்பனோக் மரபைச் சேர்ந்த மொனிக்வில் பிளாக்கூஸ் 2023இல் எழுதிய 'டு ஷேப் எ டிராகன்ஸ் பிரெத்', பத்தொன்பதாம் நூற்றாண்டை ஒத்த மாற்று உலகில் நிகழ்கிறது. மாஸ்க்வாபாக் என்ற தீவில் வாழும் அனெக்வஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் ஒரு டிராகன் முட்டையைக் கண்டெடுக்கிறாள். அவள் மக்களிடையே பல தலைமுறைகளாக டிராகன் பிறந்ததில்லை. குஞ்சு அவளைத் தன் துணையாகத் தேர்கிறது. அதை வளர்க்க வேண்டுமானால் ஆள்வோரின் பள்ளியில் சேர்ந்து பயில வேண்டும். தவறினால் டிராகன் கொல்லப்படும். உறைவிடப் பள்ளி என்ற பழைய காயம் கதையின் நடுவிலேயே இருக்கிறது. அனெக்வஸ் மட்டும் நாணிக் குறுகுவதில்லை. தன் ஊரின் வழக்கமே இயல்பானது, ஆள்வோரின் வழக்கமே விசித்திரம் என்ற உறுதியோடு அவள் அந்தப் பள்ளிக்குள் நடக்கிறாள். அந்நாவல் இளையோர் பிரிவில் நெபுலாவின் ஆண்ட்ரே நார்ட்டன் விருதையும் 2024இல் லோட்ஸ்டார் விருதையும் பெற்றது.

எங்களைக் கவர்ந்தது ஆசிரியர் எதை மாற்றினார் என்பதே. மாற்று வரலாறு எழுதுவோர் வழக்கமாகத் தோற்றவர்களின் வரலாற்றில்தான் கைவைப்பார்கள். இவர் வென்றவர்களின் வரலாற்றை மாற்றினார். அந்த உலகின் ஆங்கிலேயர் வடபுல மரபும் தெய்வங்களும் கொண்டவர்கள். தீவு மக்களின் வாழ்வோ, மெய்யான வாம்பனோக் மரபில் கால் ஊன்றி நிற்கிறது. வாம்பனோக் மொழியும் மடிந்துபோன பழம்பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேசுவோரை இழந்த அம்மொழியை, 1663இல் அச்சான பைபிள் முதலிய பழைய ஆவணங்களிலிருந்து அம்மக்கள் 1993 முதல் மீட்டுவருகிறார்கள். ஜெசி லிட்டில் டோ பேர்ட் என்ற வாம்பனோக் மொழியியலாளர் இந்தப் பணியை முன்னின்று நடத்தினார். அவருடைய மகள் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசியே வளர்ந்தாள். ஒரு மக்களைப் பற்றி 'இருந்தார்கள்' என்று இறந்தகாலத்தில் எழுதத் தொடங்கும் எவரும் இந்தச் செய்தியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் எழுதுவோர்க்கும் இதில் பங்கு உண்டு. இத்தகைய நூல்கள் நாளை தமிழுக்கு வரும். மருத்துவப் பூசகரை 'மந்திரவாதி' என்றும், முன்னோர் ஆவியைப் 'பேய்' என்றும், ஓர் இனத்தாரைக் 'காட்டுவாசிகள்' என்றும் பெயர்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு சொல்லில் ஒரு பண்பாட்டைக் கீழிறக்கிவிட முடியும். தினேயைத் தினே என்றும், ஓசேஜை ஓசேஜ் என்றும் எழுதினால் எந்தத் தமிழ்க் குழந்தையும் தடுமாறாது. டைனோசர்களின் பெயர்களைப் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தைகள் அவர்கள்.

எழுதுகிறவர்களுக்கு நாங்கள் விதிகள் வகுக்கவில்லை. ஒரேயொரு வாசகரை மனத்தில் இருத்திக்கொள்ளச் சொல்கிறோம். அந்த இனத்தைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நூலகத்தில் உங்கள் நூலை எடுக்கிறாள். மிகுபுனைவு நூல்களின் முதல் பக்கத்தில் வழக்கமாக ஒரு வரைபடம் இருக்கும். அதில் அவள் முதலில் தேடுவது தன் ஊரைத்தான். அது அங்கே இருக்க வேண்டும். அவளுடைய மக்கள் அதற்கு இட்ட பெயரோடு இருக்க வேண்டும்.