ஆறாயிரம் ரூபாய்க்கு சைக்கிள் ஸ்டாண்ட் தேவையா? மத்திகிரியில உட்கார்ந்து போட்ட கணக்கு

போன மாசம் டீ பிரேக்ல, கூட வேலை செய்யற தம்பி ஒருத்தர் போனை என் பக்கம் நீட்டினார். மடக்கி வைக்கிற சைக்கிள் ரிப்பேர் ஸ்டாண்ட், ₹5,999. "நோ காஸ்ட் இஎம்ஐ அண்ணா, ஆறு மாசம், மாசம் ஆயிரம்தான். போட்டுடவா?" 22,000 ரூபாய்க்கு கியர் சைக்கிள் வாங்கி நாலு மாசம்கூட ஆகலை. செயின் இப்பவே கரகரன்னு சத்தம் போடுது, கியர் தானா தாவுது.

இப்ப வேண்டாம்னு சொன்னேன். கஞ்சத்தனம்னு நினைச்சிருப்பார். விஷயம் அது இல்லைங்க.

முதல்ல சைக்கிள் கணக்கு. மத்திகிரியில இருந்து சிப்காட்டுக்கு அவருக்குப் போக வர சுமார் 15 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 45 கொடுத்தா, ஒரு நாளைக்கு பெட்ரோல் செலவு ஏறக்குறைய ₹34. மாசம் 20 நாள் சைக்கிள்ல போனா ₹680 மிச்சம். அந்த 22,000 திரும்பி வர 32 மாசம் ஆகும். இந்த 32 மாசமும் சைக்கிள் ஓடினாத்தான் இது கணக்கு. நம்ம ஊர் அபார்ட்மென்ட் மாடிப்படிக்குக் கீழ எட்டிப் பாருங்க, காத்து இறங்கி தூசி படிஞ்சு எத்தனை கியர் சைக்கிள் நிக்குதுன்னு. முக்கால்வாசி பெரிசா உடைஞ்சு நின்னது இல்லை. செயின் தாவுச்சு, பிரேக் உரசுச்சு, கடைக்குத் தள்ளிட்டுப் போக ஞாயிற்றுக்கிழமை நேரமில்லை, அப்படியே நின்னுடுச்சு. அதனால வீட்டிலேயே சின்ன வேலை பார்க்கத் தெரியணும்ங்கிறதுல எனக்கும் தம்பிக்கும் சண்டையே இல்லை. அதுக்கு ஆறாயிரம் வேணுமாங்கிறதுதான் கேள்வி.

ஸ்டாண்ட்னா என்ன? நம்ம பாஷையில சொன்னா ஒரு ஃபிக்ஸ்சர். வேலைப் பொருளை ஆடாம அசையாம பிடிச்சுக்கற சாமான். அமெரிக்காவுல பார்க் டூல்னு பெரிய கம்பெனி இருக்கு. அதோட கதையே இங்கதான் ஆரம்பிக்குது. 1963-ல செயின்ட் பால் ஊர்ல சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருந்த ரெண்டு பேர், குனிஞ்சு குனிஞ்சு வேலை பார்த்து அலுத்துப் போய் தங்களுக்குன்னு ஒரு ஸ்டாண்ட் செஞ்சுக்கிட்டாங்க. அவங்க நாள் முழுக்க சைக்கிள் பார்க்கிறவங்க. நாம மாசத்துக்கு ரெண்டு தடவை, அரை மணி நேரம்.

இதுல எனக்கு வேடிக்கையா படற விஷயம் ஒண்ணு உண்டு. அப்பா காலத்து ஹெர்குலிஸ் சைக்கிளை நினைச்சுப் பாருங்க. பின்னாடி ரெட்டைக்கால் ஸ்டாண்ட். காலால அழுத்தி இழுத்தா பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி நிக்கும். பெடலைக் கையால சுத்தி எண்ணெய் விடலாம், செயின் மாட்டலாம். ரிப்பேர் ஸ்டாண்ட் வண்டியோடவே வந்துச்சு, இலவசமா! இப்ப இருபதாயிரம் கொடுத்தா ஒரு சைடு ஸ்டாண்ட் தர்றான். சில மாடல்ல அதுவும் இல்லை.

அந்தப் பழைய ஸ்டாண்டோட வேலையைச் செய்ய இன்னிக்கும் ஒரு சாமான் இருக்கு. பின்சக்கர அச்சைப் பிடிச்சுத் தூக்குற எல் வடிவ ஸ்டாண்ட். நான் பார்த்த வரைக்கும் ₹600லிருந்து ₹1,000க்குள்ள கிடைக்குது. உயரத்தை மாத்துற மாதிரி வாங்குங்க, அப்பத்தான் சக்கரம் தரையில படாம சுத்தும். செயின் கழுவறது, எண்ணெய் விடறது, கியர் டியூனிங், பின் பிரேக் சரிபண்றது எல்லாம் இதிலேயே ஆகிடும். பின்சக்கரத்தைக் கழட்ட முடியாது. குனிஞ்சுதான் வேலை பார்க்கணும், ஒரு முக்காலி போட்டுக்கோங்க. ஒரே எச்சரிக்கை, உங்க சைக்கிள்ல த்ரூ ஆக்ஸில் இருந்தா சாதாரண எல் ஸ்டாண்ட் பொருந்தாம போகலாம்.

இன்னும் மலிவா வேணுமா? பழைய வீடுகள்ல ஊஞ்சலுக்கோ தொட்டிலுக்கோ உத்தரத்துல கொக்கி இருக்கும். ரெண்டு கயிறு, ஒண்ணு சீட்டு மூக்குல, இன்னொண்ணு ஹேண்டில்ல. சைக்கிள் நெஞ்சு உயரத்துக்கு வந்துடும். கொஞ்சம் ஆடும்தான். சைக்கிளைத் தலைகீழா கவுத்து வேலை பார்க்கிறதும் தப்பில்லை, ஆனா ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தா அதைத் தவிர்த்துடுங்க. ரிசர்வாயர்ல காத்து இருந்தா அது பைப்புக்குள்ள ஏறி லிவர் பஞ்சு மாதிரி ஆகிடும்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிடறேன், இதுல நானே ஒரு தடவை ஏமாந்தவன். மூணு வருஷம் முன்னாடி ஆஃபர்ல ₹2,200க்கு ஒரு மடக்கு ஸ்டாண்ட் வாங்கினேன். பிராண்ட் பேர் வேண்டாம். கிளாம்ப் முழுக்க பிளாஸ்டிக். ரெண்டாவது வாரம் பெடலைக் கழட்ட ஸ்பானர் போட்டு அழுத்தினேன், தலைப்பகுதி வழுக்கித் திரும்பிடுச்சு. சைக்கிள் பக்கவாட்டுல விழுந்து டிரெய்லர் ஹேங்கர் வளைஞ்சுது. அந்தச் சின்ன அலுமினியத் துண்டு ₹350, அதைத் தேடி பெங்களூர் வரைக்கும் ஒரு நாள். அதனால நான் சொல்வேன், ஒண்ணு எல் ஸ்டாண்டோட நிறுத்திக்கோங்க, இல்லைன்னா காசைச் சேர்த்து நல்லதா வாங்குங்க. நடுவுல இருக்கிற இந்த ரெண்டாயிரத்து சொச்சம்தான் ஆபத்து.

வீட்டுல ரெண்டு மூணு சைக்கிள் இருக்கு, இல்லை நண்பர்கள் சேர்ந்து வாங்கறீங்கன்னா மடக்கு ஸ்டாண்ட் நியாயமான செலவு. அப்ப பார்க்க வேண்டியது கிளாம்ப்பைத்தான், கலரை இல்லை. தலைப்பகுதி பல்லுப் பல்லா கடிச்சு பூட்டிக்கிற வகையா, வெறும் உரசல்ல நிக்கிற வகையான்னு பாருங்க. பிடிக்கிற இடத்துல ரப்பர் தடிமனா இருக்கணும். கால் மூணு இருந்தா நல்லது, ரெண்டுதான்னா அது சைக்கிள் தொங்குற பக்கம் நல்லா நீண்டு விரியணும், இல்லைன்னா குப்புற சாயும். கியர் எம்டிபி 15, 16 கிலோ வரும். எலெக்ட்ரிக்னா இருபதைத் தாண்டும், பேட்டரியைக் கழட்டிட்டு மாட்டுங்க. எப்பவும் சீட் போஸ்ட்லதான் பிடிக்கணும். ஃபிரேம் குழாய்ல இறுக்கினா மெல்லிசு அலுமினியம் நசுங்கும், கார்பன்னா கேட்கவே வேண்டாம். சீட்டை ரொம்ப இறக்கி ஓட்டறவரா? கிளாம்ப் பிடிக்க போஸ்ட் வெளியே தெரியாது. ஸ்டாண்ட் வேலைக்கு மட்டும் சீட்டை ஏத்திக்கணும், பழைய உயரத்துல டேப்பால ஒரு அடையாளம் வச்சுட்டு ஏத்துங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி ஒரு வார்த்தை. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி பேங்க் வசூலிக்கும், பல பேங்க் ப்ராசஸிங் கட்டணமும் போடும். ஆறாயிரம் ரூபாய் சாமானுக்கு அது பெரிய தொகை இல்லைதான். ஆனா பொழுதுபோக்கு சாமானுக்கு இஎம்ஐ போடற பழக்கம் எனக்குப் பிடிக்கலை.

தம்பிக்கு நான் சொன்ன லிஸ்ட்: எல் ஸ்டாண்ட், செயின் ஆயில், பழைய டூத் பிரஷ், அப்புறம் ₹300க்கு ஒரு செயின் தேய்மான கேஜ். எல்லாம் சேர்த்து ₹1,500 தாண்டாது. இதுல நிஜமா காசு மிச்சம் பண்றது அந்த கேஜ்தான். 0.75% காட்டறதுக்கு முன்னாடியே செயினை மாத்திட்டா அறுநூறு, எழுநூறோட போகும். விட்டுட்டா பின்பல்லும் சேர்ந்து தேஞ்சு செலவு ரெண்டு மடங்காகும். நம்ம செம்மண் தூசியில, மழை விழுந்த மறுநாள் பண்ணைப் பக்கமா ஓட்டிட்டு வர்றவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீல் ட்ரூயிங், பாட்டம் பிராக்கெட் வேலைக்கெல்லாம் கூட்டு ரோடு பக்கம் கடைக்காரர்கிட்டதான் போறேன். அதுக்கு அவர் வாங்குற காசு அவர் கைக்கு.

தம்பி கார்ட்ல இருந்து ஸ்டாண்டை எடுத்துட்டார். இந்த ஞாயிறு அவர் வீட்டு வாசல்ல எல் ஸ்டாண்ட் மாட்டி கியர் டியூன் பண்றோம், முழுசா வீடியோல போடறேன். ஒருவேளை நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு 1,500 போட்டு மடக்கு ஸ்டாண்ட் வாங்கற யோசனையும் ஓடுது. அது யார் வீட்டுல இருக்கணும்ங்கிறதுலதான் இன்னும் முடிவு வரலை.