அழுதது போதும் சாமிகளா, மைதானம் எங்கே?

எங்கள் வீட்டு டி.வி.யில் கார் பந்தயம் தெரிந்தால் போதும், பெரியப்பாவுக்குச் சோழவரம் வந்துவிடும். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் பகல் மாதிரி விளக்குப் போட்டு ஃபார்முலா 4 கார்களை ஓட்டினார்களே, அன்றைக்கும் அப்படித்தான். "இதெல்லாம் ஒரு ரேஸாடா? சோழவரத்துல பார்த்திருக்கணும் நீ. அந்தச் சத்தம், அந்தப் புழுதி, அந்தக் கூட்டம்... அதெல்லாம் ஒரு காலம்."

சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடம். அன்றைக்கு ஏதோ தோன்றிக் கேட்டுவிட்டேன்.

"மொத்தம் எத்தனை தடவை போனீங்க பெரியப்பா?"

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "ரெண்டு தடவை."

"சரி, இருங்காட்டுக்கோட்டைக்கு?"

"அங்க எதுக்குடா? அங்க என்ன இருக்கு?"

மக்களே, அங்கே என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். சோழவரம் என்பது இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். பந்தயத்துக்கென்று கட்டியதில்லை. 1950-களிலிருந்து 80-களின் கடைசி வரை அதைத்தான் தடமாக்கிப் பந்தயம் நடத்தினார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சொந்தமாக ஒரு நிரந்தரத் தடம் கட்டியது. அது 1990-ல் திறந்தது. 3.7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், 12 வளைவுகள். இன்றைக்கும் தேசியப் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. இடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. அதாவது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே! உத்திரமேரூரிலிருந்து சோழவரம் போக பெரியப்பா பாரிமுனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று அரை நாள் செலவழித்தார். இருங்காட்டுக்கோட்டைக்கு அதில் பாதிகூட ஆகாது. முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பக்கத்தில் இருக்கிற தடத்தை எட்டிப் பார்க்காதவர், போய்ச் சேர்ந்த தடத்துக்காகக் கண்ணீர் விடுகிறார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு பைக்கில் போய்ப் பார்த்தேன். வண்டிகள் சீறின. கேலரியில் வெயில்தான் உட்கார்ந்திருந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஓட்டுகிறவர்களின் சொந்தக்காரர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. 'சோழவரம் போச்சே' கோஷ்டியிலிருந்து ஒருவரையும் காணோம்.

இதைப் படித்துவிட்டுப் பெரியவர்களை மதிக்கத் தெரியாத பையன் என்று திட்டப் போகிறீர்கள். திட்டுங்கள். ஆனால் பழைய மைதானங்களுக்காக அழுகிறவர்கள் மேல் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. கேட்டுவிடுகிறேன்.

முதல் கேள்வி. எல்லா மைதானத்துக்கும் ஏன் அழவில்லை?

சேப்பாக்கம் என்றால் எல்லாருக்கும் தொண்டை அடைக்கிறது. பட்டாபிராமன் கேட், தயிர்சாதப் பொட்டலம், கடல்காற்று, 1999-ல் தோற்ற பிறகும் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டிய கூட்டம். சரி. 1956 முதல் 1965 வரை மெட்ராஸில் டெஸ்ட் போட்டிகள் நடந்தது சேப்பாக்கத்தில் இல்லை, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். 2008 வரை, அதாவது 52 வருஷம், அது உலக சாதனை. அந்த இடம்தான் இன்றைய நேரு ஸ்டேடியம். 1993-ல் கால்பந்துக்காகப் புதிதாகக் கட்டினார்கள். 'ஐயோ, கார்ப்பரேஷன் ஸ்டேடியம் போச்சே' என்று யாராவது அழுது நான் கேட்டதில்லை. அது கெட்டுவிட்டதா? ஒன்றும் கெடவில்லை. சென்னையின் எஃப்.சி. அங்கே ஆடியது, ஒரு புதுத் தலைமுறை கத்தித் தீர்த்தது, அவர்களுக்கு அது ஞாபகமானது. நாளைக்கு அதையும் இடித்தால் இவர்கள் அழுவார்கள். ஆகவே அழுகை கட்டடத்துக்காக இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது தலையில் முடி இருந்ததே, அதற்காக.

அதில் தப்பில்லை. ஆனால் 'எனக்கு வயசாயிடுச்சு' என்று சொல்ல வேண்டியதை 'விளையாட்டே கெட்டுப்போச்சு' என்று சொல்லாதீர்கள்.

இரண்டாவது கேள்வி. அந்தப் பழைய மைதானம் யாருடையது?

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் தொடங்கியது. 1860-களில் சேப்பாக்கத்துக்கு வந்தது. அது வெள்ளைக்காரர்களின் கிளப். இந்தியர்களுக்கு உறுப்பினர் இடம் கிடையாது. அதனால்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று தனியாக ஆரம்பித்தார். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் 'பழைய பெவிலியனின் அழகே அழகு' என்று உருகுகிறோம்.

அந்தக் காலம் போகட்டும். 1986 செப்டம்பரில் இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் டையானதே, அன்றைக்கு எங்கள் அப்பா எங்கே இருந்தார் தெரியுமா? கழனியில், வரப்பில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு. மணீந்தர் சிங் அவுட்டானதை அவர் காதால் பார்த்தவர். டிக்கெட்டுக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, அஞ்சு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க வசதி, தங்க மெட்ராஸில் ஒரு சொந்தக்காரர், இத்தனையும் இருந்தால்தான் சேப்பாக்க ஞாபகம் வரும். எங்கள் பாட்டி, அத்தை, அம்மா யாருக்கும் எந்த ஸ்டேடியத்தைப் பற்றியும் ஏக்கம் கிடையாது. உள்ளே போனால்தானே ஏங்குவதற்கு? ஊரே இழந்த சொத்து மாதிரி பேசுகிறீர்கள். அது டிக்கெட் வாங்க முடிந்தவர்களின் சொத்து ஐயா.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பான கேள்வி. பழைய மைதானம் அவ்வளவு நல்லதா?

1980 ஆகஸ்ட் 16. கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்துப் போட்டி. கேலரியில் அடிதடி, நெரிசல். 16 ரசிகர்கள் செத்தார்கள். 1985 மே மாதம், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட். பழைய மரக் கேலரி. அடியில் வருஷக்கணக்காகச் சேர்ந்த குப்பை. சில நிமிஷத்தில் கேலரி முழுக்கத் தீ, 56 பேர் பலி. மரத்தின் வாசனை, நெருக்கியடித்து நின்ற சுகம் என்று எழுதுகிறோமே, அதே மரம்தான், அதே நெருக்கம்தான். நம் சோழவரத்துப் புழுதியும் அப்படித்தான், பார்க்கிறவனுக்குச் சுகம், ஓட்டுகிறவனுக்கு உயிர். நிரந்தரத் தடமாக இருந்தும் இருங்காட்டுக்கோட்டையில் 2023-ல் ஒரே வருஷத்தில் இரண்டு பேர் பந்தயத்தில் இறந்தார்கள். அதில் ஒருவன் 13 வயதுப் பையன். ரேஸ் ரசிகர்கள் கூடிப் பேச வேண்டியது இதைத்தானே? எத்தனை வயதில் தடத்தில் விடலாம், என்ன பாதுகாப்பு வேண்டும் என்று பேசாமல், புகை வாசனையைப் பற்றி எத்தனை நாளைக்குப் பேசுவது?

பி.காம். படிக்கிறவன் என்பதால் கணக்கு பாஷையில் சொல்கிறேன். கட்டடம் என்றால் வருஷா வருஷம் தேய்மானம் கழிக்க வேண்டும். நம் ஆட்கள் தேய்மானத்தையே எழுத மாட்டேன் என்கிறார்கள். மாறாக ஒவ்வொரு வருஷமும் நற்பெயர் என்று ஒரு தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இந்தக் கணக்கில் பழைய மைதானம் எப்போதும் லாபம், புது மைதானம் எப்போதும் நஷ்டம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பழையவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. அன்றைக்குச் சாதாரண ஆள் கொஞ்சம் சிரமப்பட்டாவது உள்ளே போக முடிந்தது. இன்றைக்கு ஐ.பி.எல். டிக்கெட் விற்பனை திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. கிடைக்கிற விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை வாங்கலாம். இது கோபப்பட வேண்டிய விஷயம். ஆனால் கோபப்பட்டோமா?

2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் புது ஸ்டாண்டுகள் கட்டினார்கள். அதில் ஐ, ஜே, கே என்ற மூன்றும் அனுமதிச் சிக்கலில் மாட்டி, 2012-லிருந்து பெரும்பாலும் பூட்டியே கிடந்து, 2023-ல்தான் முறையாகத் திறந்தன. சுமார் 12,000 இருக்கைகள்! அந்த மூன்று ஸ்டாண்டால்தான் 2019 ஐ.பி.எல். இறுதிப் போட்டி சென்னைக்குக் கிடைக்காமல் ஹைதராபாத்துக்குப் போனது. பத்து வருஷத்துக்கும் மேலாக 12,000 நாற்காலிகளில் காக்கா உட்கார்ந்திருந்தது. அந்தப் பத்து வருஷமும் நாம் என்ன செய்தோம்? பழைய ஸ்டாண்டில் புளிசாதம் சாப்பிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இதுதான் எனக்கு ஆத்திரம். ஏக்கம் சும்மா இருக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியின் இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்பீர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 1,100 வருஷம் பழசு. அதில் ஏரி வாரியம் உண்டு, தோட்ட வாரியம் உண்டு. மைதான வாரியம் மட்டும் இல்லை. அன்றைக்குத் தேவைப்பட்டிருக்காது. அறுவடை முடிந்தால் ஊரே மைதானம்.

எங்களுக்கும் ஒரு இடம் இருந்தது. பேர் கிடையாது, 'களம்' என்போம். ஒரு காலத்தில் நெல்லடித்த இடம். பையன்கள் ஒரு பக்கம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட், இன்னொரு பக்கம் பெண் பிள்ளைகள் கோகோ. என் தங்கை அங்கேதான் ஓடக் கற்றுக்கொண்டாள். பள்ளி டீமில் இருந்தாள், நன்றாகவே ஓடுவாள். ஒரு நாள் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டார்கள். அடுத்த மாதம் மனைப்பிரிவு போர்டு வந்தது. யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள், சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பையன்கள் கோடையில் வற்றின ஏரிக்குள் இறங்கிவிட்டோம். மழை வந்தால் அதுவும் கிடையாது. தங்கச்சி ஏரிக்குள் வந்து ஓட முடியுமா? பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்று இருக்கிறது, நாலரைக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கொஞ்ச நாள் விடியற்காலை தார் ரோட்டில் ஓடினாள், அப்பா துணைக்கு சைக்கிளில் போனார். லாரி, டிப்பர் என்று பயந்து அம்மா நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். ஒரு ஆட்டக்காரி முடிந்துபோனாள்.

அந்தக் களத்துக்காக யார் அழுதார்கள்? பத்திரிகையில் கட்டுரை வந்ததா? 'அதெல்லாம் ஒரு காலம்' என்று பெரியப்பா சொன்னாரா? அவர் தினமும் அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போகிறார்!

சேப்பாக்கத்தை இடித்தால் அதே இடத்தில் இன்னும் பெரிய சேப்பாக்கம் வரும். சோழவரம் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். பார்க்கிறவர்களின் மைதானம் செத்தாலும் திரும்பப் பிறக்கும். விளையாடுகிறவர்களின் மைதானம் செத்தால் செத்ததுதான், அதன்மேல் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் நடந்துவிடும்.

அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. நம் ஊரில் எத்தனை களம், எத்தனை மேய்ச்சல் புறம்போக்கு, எத்தனை பள்ளி மைதானம் இருந்தது, இன்றைக்கு எத்தனை மிச்சம்? இந்தக் கணக்கைக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சாயங்காலம் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சோழவரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்கிறேன்.

டிஸ்கி: எழுதியதைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "கிராம சபை எப்படா?" என்று மட்டும் கேட்டார். ஆகஸ்ட் 15 என்றேன். வருகிறாராம். பார்ப்போம்.