ஜின்னுக்குப் பாட்டில் சாறு எதுக்கு? எலுமிச்சைக்காரன் கேட்கிறேன்

தலைப்பைப் பார்த்துட்டு இவருக்கு என்ன ஆச்சுன்னு நினைக்காதீங்க. நான் குடிக்கிறவன் இல்லை, குடிங்கன்னு சொல்லவும் வரலை. எனக்கு ஒண்ணரை ஏக்கர் எலுமிச்சை இருக்கு. அதனால பேசுறேன்.

போன ஐப்பசியில் என் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ராத்திரி மொட்டை மாடியில் ஜின், சோடா, ஐஸ் எல்லாம் பரப்பி வச்சுக்கிட்டு, "மாமா, டாம் காலின்ஸ் போடப் போறேன், ஓட்டல்ல ஒரு கிளாஸ் அறுநூறு ரூபாய்" என்றான். சரி, உன் காசு, உன் உடம்பு. அடுத்து பையிலிருந்து எடுத்தான் பாருங்க, ஒரு பாட்டில் எலுமிச்சைச் சாறு! கீழே முற்றத்துல நாலு சாக்கு பழம் கிடக்கு. அன்னைக்கு மண்டியில் கிலோ பன்னிரண்டு ரூபாய்னு கேட்டதால நான் ஏத்தாம வச்சிருந்த பழம்.

"ஏன் மாப்ளே, கண்ணு தெரியலையா?" என்றேன். "பிழியணும், கொட்டை எடுக்கணும், வேலை மாமா" என்றான். கோபம் அப்பதான் வந்தது.

பாட்டிலைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். அடர்சாறு, தண்ணி, கெடாம இருக்க ஐ.என்.எஸ். நம்பர் போட்ட மருந்து ரெண்டு. விலை நூறு ரூபாய்க்கு மேல. அந்தக் காசுக்கு எங்கிட்ட எட்டு கிலோ தருவேன். கிலோவுக்கு இருபது, இருபத்தஞ்சு பழம் நிக்கும். அவன் கிளாஸுக்கு ரெண்டு பழம் போதும், அதுல எனக்கு வர்றது ஒரு ரூபாய். அதுலயும் பறிகூலி, வண்டி வாடகை, நூத்துக்குப் பத்து கமிஷன் போகணும்.

2022 ஏப்ரல்ல ஒரு பழம் பத்து ரூபாய்க்கு மேல போனப்ப டிவியில என்ன கூப்பாடு! எலுமிச்சை விவசாயி கோடீஸ்வரன் ஆயிட்டான்னு வாட்ஸ்அப்புல சிரிச்சீங்க. அந்த வெயில்ல எங்க மரத்துல காயே இல்லைங்கிறது யாருக்கும் தெரியாது. மழைக்காலத்துல விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக் கட்டாம மரத்தடியிலேயே அழுகவிடுறோமே, அப்ப எந்த கேமராவும் வரலை.

இத்தனைக்கும் அந்தப் பானம் ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. 1876-லயே ஜெர்ரி தாமஸ் என்கிற அமெரிக்கக்காரரோட புத்தகத்துல அச்சாயிருக்குன்னு மருமகனே போனைப் பார்த்துச் சொன்னான். ஜின், சர்க்கரைப்பாகு, எலுமிச்சைச் சாறு, ஐஸ், சோடா, அவ்வளவுதான். அதுலயும் சாறு பழத்தைப் பிழிஞ்சதுதான். அவங்க பழம் பெரிசு, மஞ்சள், தோல் தடிமன். அதுக்காக சூப்பர் மார்க்கெட்ல கப்பல்ல வந்த பழத்தைத் தேட வேண்டாம், நம்ம பழம் இன்னும் சுருக்குன்னு இருக்கும். பாகை ஒரு ஸ்பூன் கூட்டிக்கிட்டா சரியாப் போச்சு.

நான் சொல்லி அவன் செஞ்சது இது. நல்லாப் பழுத்த, தோல் மெலிசான பழத்தைத் தரையில் வச்சு உள்ளங்கையால உருட்டணும். அறுத்ததும் மெதுவா பிழியணும். கடைசிச் சொட்டுக்காக நசுக்கினா தோலும் கொட்டையும் கசப்பை இறக்கிடும். முப்பது மில்லி சாறு, பாதியளவு பாகு, அவன் அளந்த ஜின், எல்லாத்தையும் ஐஸ்ல குலுக்கி உயரமான கிளாஸ்ல வடிக்கணும். சோடா கடைசியில, அதை மட்டும் குலுக்கவே கூடாது. பிழிஞ்சதை ராத்திரி முழுக்க வச்சா வாசம் செத்துப் போகும்.

குடிச்சுட்டுப் பாட்டில் சாறை அவனே ஓரமா வச்சுட்டான். நான் ஜின் இல்லாம ஒரு கிளாஸ் குடிச்சேன். நல்லாத்தான் இருந்தது.

இடையில ஒண்ணு கேட்டுக்கறேன். கரும்பாலைக் கழிவுப்பாகுல காய்ச்சின சரக்குல வாசனை ஏத்தி, கண்ணாடிக் கிளாஸ்ல ஊத்தினா அது நாகரிகம். எங்க ஊர்ப் பனையேறி கள் இறக்கினா 1987-லிருந்து குத்தம். மலையைத் தாண்டிக் கேரளாவுல கடை போட்டு விக்கிறான். இதைப் பேசினா பதிவு நீளும், இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

மருமகன் ஊருக்குப் போகும்போது ஒரு சாக்கு ஏத்திவிட்டேன். அவன் அபார்ட்மெண்ட்ல கிலோ நாப்பதுன்னு எடுத்துக்கிட்டாங்களாம். கடையில அன்னைக்கு எண்பது. அடுத்த வாரம் ரெண்டு சாக்கு கேட்டாங்க. உங்க குடியிருப்புலயும் பத்து வீடு சேர்ந்தா சொல்லுங்க, பஸ்ல போட்டு விடுறேன்.