தார் சுமந்தால் குறைகிறது, ஸ்கூட்டரில் போனால் கூடுகிறது... கைப்பட்டை காட்டும் நடைக்கணக்கை நம்பலாமா?

"என் அப்பாவுக்கு 63 வயது. கிளிக்கூடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் வாழை வைத்திருக்கிறார். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. 'நன்றாக நடக்க வேண்டும்' என்று மருத்துவர் சொன்னதால், பொங்கலுக்குப் போனபோது ஃபிட்னஸ் பேண்ட் ஒன்றை வாங்கிக் கையில் கட்டிவிட்டேன். அவர் போனில் என்னுடைய கணக்கையே போட்டிருப்பதால், பாலக்கரையில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். தார் வெட்டிச் சுமந்த நாளில் 3,900 காலடி காட்டுகிறது. ஸ்கூட்டரில் காந்தி மார்க்கெட் வந்துபோன நாளில் 8,000-ஐத் தாண்டுகிறது. 'நேற்று ஏன் நடக்கவே இல்லை?' என்று கேட்கப்போய், கோபத்தில் கழற்றி மாட்டுக் கொம்பில் கட்டிவிட்டார். அன்று 5,200 காட்டியது! இப்போது இரண்டு பேருக்கும் பேச்சே குறைந்துவிட்டது. தப்பு அப்பாவிடமா, பட்டையிலா? சரியான கணக்கு எடுக்க வழி உண்டா?"

- ஒரு வாசகர், பாலக்கரை, திருச்சி.

தப்பு அப்பாவிடம் இல்லை. பட்டை பழுதாகியிருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. கையில் கட்டும் பட்டை காலை எண்ணுவதே இல்லை. கையின் அசைவைத்தான் எண்ணுகிறது. குழப்பம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

இந்தப் பட்டைக்குள் முடுக்கமானி என்ற சிறிய உணரி இருக்கிறது. கை மேல்-கீழ், முன்-பின், இட-வலம் என மூன்று திசைகளிலும் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அது ஒரு நொடிக்குப் பல முறை அளக்கிறது. வெறுங்கையோடு நடக்கும்போது, காலுக்கு ஏற்ற தாளத்தில் கையும் வீசும். அந்தத் தாளம் தொடர்ந்து வந்தால் 'நடக்கிறார்' என்று முடிவு செய்து பட்டை எண்ணத் தொடங்கும். பல பட்டைகள் முதல் சில காலடிகளைக் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கணக்கில் சேர்க்கும். அதனால், நான்கு எட்டு வைத்து நின்று, மறுபடி நான்கு எட்டு வைக்கும் தோட்ட வேலையில் பல காலடிகள் விட்டுப்போகும்.

எங்கே குறையும், எங்கே கூடும்?

தாரைத் தோளில் சாய்த்து ஒரு கையால் பிடித்திருப்பவருக்கு அந்தக் கை வீசாது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்துப் பிடித்து வரும் பெண்களுக்கும், சைக்கிளில் மூட்டையை வைத்துத் தள்ளி வருபவருக்கும், பவர் டில்லரின் பின்னால் நடப்பவருக்கும் இதே கதைதான். சேற்றில் மெதுவாகக் காலை எடுத்து வைக்கும்போதும், வயதானவர்கள் கால் தேய்த்து நடக்கும்போதும் அசைவு மெலிதாக இருப்பதால் பட்டை தவறவிடும்.

கூடுவதற்கும் காரணம் உண்டு. மேடுபள்ளமான சாலையில் ஸ்கூட்டரின் கைப்பிடி அதிர்வு, டிராக்டர் குலுக்கல், கையால் பால் கறப்பது, துணி துவைப்பது, முறத்தில் புடைப்பது எல்லாமே தாளத்தோடு வரும் அசைவுகள். பட்டை இவற்றில் ஒரு பகுதியை நடை என்றே எடுத்துக்கொள்ளும். மாடு தலையை ஆட்டி அசைபோட்டதும், ஈயை விரட்டியதும் 5,200 ஆனது இப்படித்தான்.

ஆக, அந்த வாசகரின் தந்தை உடம்பு நோக உழைத்த நாளில் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. வண்டியில் உட்கார்ந்து வந்த நாளில் கூடியிருக்கிறது.

முதலில் சரிசெய்ய வேண்டியவை

* வலக்கையால் வேலை செய்பவர் இடக்கையில் கட்ட வேண்டும். செயலியின் அமைப்பில் 'இடக்கை' என்று குறிக்கவும் வேண்டும்.

* மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, தொளதொளவென்று ஆடாமலும் தடம் பதியும்படி இறுக்காமலும் இருக்க வேண்டும்.

* மகனின் கணக்கைப் போட்டிருப்பதால், உயரம், எடை, வயது எல்லாம் மகனுடையதாகவே இருக்கும். தந்தை பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, அவருடைய அளவுகளைப் பதிய வேண்டும். உயரத்தை வைத்துத்தான் பட்டை ஒரு காலடியின் நீளத்தை ஊகிக்கிறது. உயரம் தப்பானால் தூரமும் தப்பாகும்.

* பட்டையும் எண்ணும், போனும் எண்ணும். இரண்டையும் கூட்டிப் பார்க்கக் கூடாது. ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

200 காலடிச் சோதனை

பட்டையைச் சோதிக்கச் சமதளமான பாதை போதும். முதலில் திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கையை இயல்பாக வீசி, 200 காலடி நடக்க வேண்டும். நடப்பவரே எண்ணினால் பேச்சிலும் யோசனையிலும் தப்பிப்போகும். பின்னால் வரும் இன்னொருவர் எண்ணுவது நல்லது. நின்ற பிறகு அரை நிமிடம் பொறுத்து, மறுபடி எண்ணைப் பார்க்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுக்கலாம். 190 முதல் 210 வரை காட்டினால், வெறுங்கை நடைக்கு அந்தப் பட்டை நம்பகமானது.

அடுத்து, அதே சோதனையைத் தார் சுமந்தபடி 200 காலடி, சைக்கிள் தள்ளியபடி 200 காலடி என்று செய்ய வேண்டும். ஸ்கூட்டரில் கால் மணி நேரம் போய்வந்து எவ்வளவு கூடுகிறது, ஒரு மாடு கறந்து முடிக்கும்போது எவ்வளவு கூடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அந்தப் பட்டை எந்த வேலையில் எவ்வளவு தப்பு செய்கிறது என்பது தெரிந்துவிடும். உதாரணமாக, சுமையோடு நடந்த 200-க்கு 80 காட்டினால், தார் வெட்டும் நாளின் சுமைநடையை ஐந்தில் இரண்டு பங்குதான் பட்டை எண்ணுகிறது என்று பொருள்.

பாலக்கரையில் இருந்து போனைப் பார்த்துக் கேள்வி கேட்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனே கிளிக்கூடு போய், தந்தையின் பின்னால் நடந்து காலடியை எண்ணலாம். கணக்கும் சரியாகும், தார் சுமப்பது எத்தனை பெரிய நடை என்பதும் புரியும்.

கை வீச முடியாத வேலைக்கு என்ன வழி?

போனை எடுத்து டிராயர் பையில் போட்டுக்கொண்டால் போதும். கை அசையாவிட்டாலும் இடுப்பும் தொடையும் ஒவ்வொரு காலடிக்கும் அசையும். போன் அதை எண்ணிவிடும். சுமை தூக்கும் நாளில் போன் கணக்கு, மற்ற நாளில் பட்டைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் ஏறும்போது பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவதால் மட்டும் பயன் இல்லை, அங்கேயும் அது குலுங்கும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் எண்ணைப் பார்த்து, இடையில் கூடியதைக் கழித்துவிடுவதே எளிது.

சிலர் பட்டையைக் கணுக்காலில் கட்டுகிறார்கள். மெதுவாக நடப்பவர்களுக்கும் வண்டி தள்ளுபவர்களுக்கும் இது ஓரளவு சரியான எண்ணிக்கை தரும். ஆனால், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், பட்டை உராய்ந்து புண்ணானாலும் தெரியாது. அவர்கள் வயலிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது; தினமும் இரவு பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தூரத்தைச் சரிபார்க்க வரப்பு போதும்

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நான்கு பக்கமும் சமமாக உள்ள ஒரு ஏக்கர் வயலின் சுற்றளவு சுமார் 254 மீட்டர். அதன் வரப்பில் நான்கு சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வயல் சதுரமாக இல்லாவிட்டால் டேப்பால் ஒரு முறை அளந்துகொள்ளலாம். பட்டை காட்டும் தூரம் இதோடு ஒத்துப்போகவில்லை என்றால், காலடி நீளத்தைத் திருத்த வேண்டும். 20 காலடி இயல்பாக நடந்து, அந்த நீளத்தை அளந்து, 20-ஆல் வகுத்தால் ஒரு காலடியின் நீளம் வந்துவிடும். பல செயலிகளில் இதைப் பதிய இடம் உண்டு.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

'ஒரு நாளைக்கு 3,900' என்று மட்டும் சொன்னால், உழைப்பே இல்லாதவர் என்று மருத்துவர் நினைத்துவிடலாம். எந்த நாளில் என்ன வேலை, எவ்வளவு நேரம், எத்தனை முறை சுமந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டையின் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடவே கூடாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குக் கடும் வேலை நாளில் சர்க்கரை திடீரெனக் குறையும். படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டுவது இதன் அறிகுறிகள். வெறும் வயிற்றோடு வெட்டுக்குப் போகாமல் இருப்பதும், மடியில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருப்பதும் அவசியம். அறுவடை நாள்களில் மருந்தின் அளவு பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. எல்லா நாளும் தார் வெட்டு இல்லை. தோட்டத்துக்கே வண்டியில் போய் இறங்கி, மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பும் நாள்களும் உண்டு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்து 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், கிராமப்புறத்திலும் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்களாகவே இருந்தார்கள். வேலை குறைந்த நாளில் தந்தை கையை வீசி அரை மணி நேரம் நடக்கட்டும். அந்த நடைக்குப் பட்டை சரியாகவே கணக்குச் சொல்லும்.

"தினமும் 10,000 காலடி கட்டாயம் என்கிறார்கள். நடவு, களையெடுப்பு, வீட்டு வேலை எல்லாம் முடித்துப் பார்த்தால் 6,000-தான் காட்டுகிறது. இது போதாதா?"

- ஒரு வாசகி, லால்குடி.

10,000 என்பது மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-ல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கேய்'. 'பத்தாயிரம் காலடி மானி' என்று பொருள். அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவி விதியைப்போல ஆகிவிட்டது.

அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களிடம் நடத்தி, 2019-ல் வெளியிட்ட ஆய்வு வேறு விஷயம் சொன்னது. தினமும் 2,700 காலடி நடந்தவர்களைவிட, 4,400 நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. சுமார் 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போய், பிறகு ஒரே நிலையில் நின்றது. எனவே 6,000 என்பது கவலைப்படும் எண் அல்ல. அதுவும், குனிந்து நாற்று நடும் வேலையைக் கைப்பட்டை பெரும்பாலும் நடையாகவே எடுத்துக்கொள்ளாது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது. ஒரு காலடி 70 சென்டிமீட்டர் உள்ளவருக்கு அந்த 8 கிலோமீட்டர் சுமார் 11,400 காலடி. 65 சென்டிமீட்டர் உள்ளவருக்கு 12,300. உயரம் குறைந்தவர் அதே தூரத்துக்கு அதிகக் காலடி வைக்கிறார். அதனால் அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பலன் இல்லை. போன வாரம் தனக்கு எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு என்று பார்த்தால் போதும். நடையின் வேகமும் முக்கியம். ஒரு நிமிடத்துக்கு 100 காலடி வந்தால், அது உடம்புக்குப் பலன் தரும் மிதமான வேகம்.

"மாட்டுக்கும் காலடி எண்ணும் கருவி இருக்கிறதாமே? இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர் வாங்கலாமா?"

- ஒரு வாசகர், மணப்பாறை.

இருக்கிறது. பெரிய பால்பண்ணைகளில் மாட்டின் காலில் நடைமானியைக் கட்டுகிறார்கள். சினைப்பருவத்துக்கு வந்த மாடு நிலைகொள்ளாமல் வழக்கத்தைவிட மிக அதிகமாக நடக்கும். எண்ணிக்கை திடீரென ஏறியதும் சினை ஊசிக்கு நேரம் வந்ததைப் பண்ணையாளர் தெரிந்துகொள்வார். மனிதர்களின் கைப்பட்டை இதற்கு உதவாது.

ஆனால், இரண்டு மாட்டுக்குக் கருவி தேவையில்லை. சராசரியாக 21 நாள்களுக்கு ஒரு முறை சினைப்பருவம் வரும் என்பதால், போன தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்து, அடுத்த தேதிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள்கள் காலையும் மாலையும் கவனித்தால் போதும். அடிக்கடி கத்துவது, பால் குறைவது, தீவனத்தில் நாட்டமில்லாமை, கண்ணாடிபோல் வழும்பு ஒழுகுவது ஆகியவை அடையாளங்கள். காலையில் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். அந்த நேரம் தவறினால் மூன்று வாரம் வீணாகும்.