அப்பாவின் கண்ணுக்கு மாத்திரை: ஆர்டர் போடும் முன் ஒரு கேள்வி

ஓசூரில் குடியிருந்து, அத்திப்பள்ளியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் இது வழக்கமான பேச்சுதான். "பேப்பர் எழுத்து கலங்கலாத் தெரியுதுப்பா" என்கிறார் அறுபதைத் தாண்டிய அப்பா. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, மகன் செல்போனில் 'லூட்டின்' என்று தேடி மாத்திரைக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்.

அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாத்திரை அப்பாவுக்குத் தேவையா என்பதை ஸ்டார் ரேட்டிங் சொல்லாது. அவர் விழித்திரையைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

என்ன நோய் இது?

விழித்திரையின் நடுவில் உள்ள சிறு பகுதி மாக்குலா. படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இதன் தயவில்தான். வயதாகும்போது இது சிதைவதை ஏ.எம்.டி. என்கிறார்கள். ஓரப் பார்வை தப்பிக்கும், நடுப்பார்வை மங்கும். விழித்திரைக்கு அடியில் சேரும் ட்ரூசன் என்ற மஞ்சள் படிவுகளின் அளவை முக்கியமாக வைத்து ஆரம்ப நிலை, இடைநிலை, முற்றிய நிலை என்று பிரிக்கிறார்கள்.

அறுபதில் கண் மங்கினாலே ஏ.எம்.டி. என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. சர்க்கரை நோயும் விழித்திரையைக் கெடுக்கும். கண்புரைக்குத் தீர்வு அறுவை சிகிச்சை. சர்க்கரை நோய் பாதிப்புக்கு வேறு சிகிச்சை. இந்த மாத்திரைகளால் இரண்டுமே சரியாகாது.

அப்படியானால் யாருக்குப் பலன்?

அமெரிக்காவின் தேசியக் கண் ஆய்வு நிறுவனம் நடத்திய 'ஏரெட்ஸ்' ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது. இடைநிலை ஏ.எம்.டி. உள்ளவர்களையும், ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியவர்களையும் 5 ஆண்டுகள் கவனித்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களில் 100-க்கு சுமார் 28 பேருக்கு நோய் முற்றியது. எடுத்தவர்களில் அது சுமார் 20 ஆகக் குறைந்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் இழந்த பார்வை யாருக்கும் திரும்பவில்லை. நோயே இல்லாதவர்களுக்கும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் பலன் தெரியவில்லை. கண்புரையையும் அது தடுக்கவில்லை.

அதாவது, இந்த மாத்திரை வயதைப் பார்த்துக் கொடுப்பதல்ல. நோயின் நிலையைப் பார்த்துக் கொடுப்பது.

லேபிளில் எதைப் பார்ப்பது?

2013-ல் வெளிவந்த 'ஏரெட்ஸ் 2' ஆய்வுக்குப் பிறகு பரிந்துரைக்கப்படும் ஒரு நாள் அளவு இது:

• வைட்டமின் சி – 500 மி.கி.
• வைட்டமின் ஈ – 400 ஐ.யூ.
• லூட்டின் – 10 மி.கி.
• ஜியாசாந்தின் – 2 மி.கி.
• துத்தநாகம் (ஜிங்க்) – 80 மி.கி.
• தாமிரம் – 2 மி.கி.

ஜிங்க் அளவை 25 மி.கி. ஆகக் குறைத்தும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒமேகா 3 சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே 'மீன் எண்ணெய் சேர்த்தது' என்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அட்டையில் 'கண்ணுக்கு நல்லது' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். அது ஒரு மாத்திரைக்கான அளவா, ஒரு நாளுக்கான அளவா என்பதையும் கவனியுங்கள்.

இவை சத்துகள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கணக்குப்படி ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 17 மி.கி. ஜிங்க் போதும். 80 மி.கி. என்பது மருந்துக்குச் சமம். வயிற்றுத் தொந்தரவு, சிறுநீர்ப் பிரச்சினை வரலாம். அதிக ஜிங்க் உடலில் தாமிரத்தைக் குறைக்கும் என்பதால்தான் தாமிரமும் சேர்க்கப்படுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதிக அளவு வைட்டமின் ஈ எடுக்கும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?

பழைய 'ஏரெட்ஸ்' மாத்திரையில் பீட்டா கரோட்டின் இருந்தது. அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரை, புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுவதை 1994-லேயே பின்லாந்து ஆய்வு காட்டியது. 'ஏரெட்ஸ் 2' ஆய்விலும், பீட்டா கரோட்டின் எடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் புகைப்பழக்கத்தை ஏற்கெனவே விட்டவர்கள். "அப்பா பத்து வருஷத்துக்கு முன்னாடியே விட்டுட்டாரே" என்றாலும் அந்தப் பெயர் லேபிளில் இருந்தால் வாங்காதீர்கள்.

இதற்காகக் கிருஷ்ணகிரி மாம்பழத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பழத்தில் இயல்பாக இருக்கும் பீட்டா கரோட்டின் பிரச்சினையில்லை. லூட்டினுக்கு ஓசூர் உழவர் சந்தையில் கிடைக்கும் கீரையும், முட்டை மஞ்சள் கருவும் நல்ல வழி. ஆனால் இடைநிலை நோய்க்கு ஆய்வில் பலன் தந்த அளவு மாத்திரைக்குக் கீரை மட்டும் ஈடாகாது. ஏ.எம்.டி. வராமலிருக்க நம் கையில் இருக்கும் பெரிய வழி, புகையை விடுவதுதான்.

எப்போது அவசரம்?

ஜன்னல் கம்பி, கதவு நிலை போன்ற நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, பார்வையின் நடுவில் திடீரெனக் கரும்புள்ளி வந்தாலோ, அது 'ஈர வகை' ஏ.எம்.டி.யாக இருக்கலாம். ரத்தக் குழாய்கள் கசிந்து விழித்திரை வேகமாகக் கெடும். இதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசிதான் சிகிச்சை. மாத்திரை பார்சலுக்குக் காத்திருக்கும் நாட்களில் பார்வை போய்விடலாம். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் காலண்டர் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தால் உடனே விழித்திரை மருத்துவரிடம் போங்கள்.

மாதாமாதம் மாத்திரைக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் குடும்பங்கள், முதல் மாதக் காசைக் கண் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். மருந்துச் சீட்டில் மாத்திரைப் பெயரோடு நோயின் நிலையையும் எழுதிக் கொடுப்பதை டாக்டர்களும் வழக்கமாக்க வேண்டும். அதுவரை டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "எங்க அப்பாவுக்கு இது எந்த ஸ்டேஜ், டாக்டர்?" மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.